10-இன் அடுக்குகளும் அறிவியல் குறியீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் அறிவியல் குறியீடு வரும்போதும், பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் அதே குறியீட்டில் பேச ஆரம்பிக்கும்போதும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். கூட உட்கார்ந்து படிக்க வைக்கும் பெற்றோரும் இவற்றையே கேட்கிறார்கள். உதாரணங்களை முடிந்தவரை நம்ம பக்கத்து ஏரி, மின்நிலையம், காற்று என்று எடுத்திருக்கிறேன்.

அறிவியல் குறியீடு என்றால் என்ன? எதற்கு அது?

ஒரு எண்ணை இரண்டு துண்டாகப் பிரித்து எழுதுவதுதான். முதல் துண்டு 1 முதல் 10-க்குள் இருக்கும் ஒரு எண். இரண்டாவது துண்டு 10-இன் அடுக்கு. ஒளியின் வேகம் வினாடிக்கு 29,97,92,458 மீட்டர். அதையே சுருக்கமாக 3 × 10⁸ மீட்டர் என்று எழுதுகிறோம்.

இரண்டு துண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. இதை முகவரி மாதிரி பாருங்கள். 10-இன் அடுக்கு பின்கோடு, முன்னால் நிற்கும் எண் கதவு எண். கதவு எண் தப்பானால் கடிதம் பக்கத்து வீட்டுக்குப் போகும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 600013 என்று ராயபுரத்துக்குப் போட வேண்டியதில் பின்கோடு தப்பினால் கடிதம் ஊரே மாறிவிடும். அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் அடுக்கைப் படியுங்கள், பிறகு முன்னால் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தலைகீழாகச் செய்கிறார்கள். வேதியியலில் வரும் அவகாட்ரோ எண் 6.02 × 10²³. அதில் 6.02 என்பதை நன்றாக மனப்பாடம் செய்துவிட்டு, 23-ஐ 22 என்று எழுதிவிடுகிறார்கள். 6.02-க்குப் பதில் 6 என்று எழுதியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. அடுக்கில் ஒன்று குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

முன்னால் இருப்பது ஏன் 1-க்கும் 10-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்? 33 × 10⁸ என்று எழுதினால் தப்பா?

மதிப்பில் தப்பில்லை. 33 × 10⁸, 3.3 × 10⁹, 0.33 × 10¹⁰ மூன்றும் ஒரே எண்தான். ஆனால் ஆளுக்கொரு விதமாக எழுதினால் அடுக்கை மட்டும் பார்த்து எது பெரியது என்று சொல்ல முடியாது. அந்த வசதிக்காகத்தான் புள்ளிக்கு இடப்பக்கம் ஒரே ஒரு இலக்கம், அதுவும் பூஜ்ஜியம் அல்லாத இலக்கம் என்ற ஒழுங்கு. நடுவில் கணக்குப் போடும்போது எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். விடையில் மட்டும் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

செய்தித்தாளில் ஏரி நீரை ‘மில்லியன் கன அடி’ என்றும் ‘டிஎம்சி’ என்றும் போடுகிறார்களே, அது எவ்வளவு?

ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி. ஆயிரம் 10³, மில்லியன் 10⁶, பெருக்கினால் அடுக்குகள் கூடும். ஆக ஒரு டிஎம்சி = 10⁹ கன அடி.

புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. இதைக் குடத்துக் கணக்குக்கு, அதாவது லிட்டருக்கு, கொண்டுவருவோம்.

3,300 மில்லியன் = 3.3 × 10³ × 10⁶ = 3.3 × 10⁹ கன அடி.

ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர், அதாவது 2.83 × 10¹ லிட்டர்.

முன் எண்களைப் பெருக்கினால் 3.3 × 2.83 = 9.3. அடுக்குகளைக் கூட்டினால் 9 + 1 = 10. விடை 9.3 × 10¹⁰ லிட்டர். நம் பேச்சில் சொன்னால் 9,300 கோடி லிட்டர்.

சரி, இது பெரிதா சிறிதா? ஒப்பிட்டால்தான் தெரியும். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் இருக்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், அதாவது 10⁸ லிட்டர் தரும் திறன் கொண்டது. 9.3 × 10¹⁰-ஐ 10⁸-ஆல் வகுக்கிறோம். அடுக்குகளைக் கழித்தால் 10 − 8 = 2. விடை 9.3 × 10², அதாவது 930 நாள். நிரம்பிய புழல் ஏரி அளவு தண்ணீரைத் தர அந்த நிலையம் முழுத் திறனில் இரண்டரை வருடம் ஓட வேண்டும். ஒரு மழைக்காலம் நமக்கு எவ்வளவு கொண்டுவந்து சேர்க்கிறது என்பதை இந்த ஒரு வகுத்தல் காட்டிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு பூஜ்ஜியங்களை வரிசையாக எழுதிப் பார்த்திருந்தால் பாதி வழியிலேயே விட்டிருப்போம்.

லட்சம், கோடி ஒரு பக்கம், மில்லியன், பில்லியன் ஒரு பக்கம். குழப்பமாக இருக்கிறதே?

எல்லாவற்றையும் அடுக்காக மாற்றிவிட்டால் குழப்பம் போய்விடும். ஆயிரம் 10³, லட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷, பில்லியன் 10⁹, லட்சம் கோடி 10¹². டிரில்லியனும் 10¹² தான். இந்த ஒரு வரி மனதில் நின்றால் போதும். கமாவை எங்கே போடுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும், அடுக்கு மாறாது.

10⁰ எப்படி 1 ஆகும்? பத்தை ஒரு தடவைகூடப் பெருக்கவில்லை என்றால் பூஜ்ஜியம்தானே வர வேண்டும்?

நல்ல கேள்வி. ‘அது விதி, எழுதிக்கொள்’ என்று சொல்லி இதை அடக்கிவிடக் கூடாது.

10³ = 1000, 10² = 100, 10¹ = 10. ஒவ்வொரு படி இறங்கும்போதும் என்ன நடக்கிறது? பத்தால் வகுக்கிறோம். அப்படியென்றால் அடுத்த படி 10 ÷ 10 = 1. அதுதான் 10⁰. அங்கேயும் நிற்காமல் இறங்குங்கள். 10⁻¹ = 0.1, 10⁻² = 0.01. மைனஸ் அடுக்குக்குத் தனியாகப் பாடம் எதுவும் வேண்டாம், அதே படிக்கட்டுதான் தொடர்ந்து இறங்குகிறது.

மைனஸ் அடுக்கு என்றால் மைனஸ் எண்ணா?

இல்லை. 10⁻⁶ ஒரு நேர் எண்தான். மிகச் சின்ன எண், அவ்வளவுதான். எதிர் எண்ணாக இருந்தால் மைனஸ் முன்னால் வரும், −3 × 10⁴ என்று. அடுக்கின் தலையில் இருக்கும் மைனஸ் ‘ஒன்றைவிடச் சிறியது’ என்று மட்டும் சொல்கிறது.

மணலியிலும் எண்ணூரிலும் இருப்பவர்களுக்கு ‘பிஎம் 2.5’ என்ற பெயர் பழக்கம். 2.5 மைக்ரோமீட்டர், அதாவது 2.5 × 10⁻⁶ மீட்டர் விட்டமோ அதற்கும் குறைவோ உள்ள தூசு. தலைமுடியின் தடிமன் சுமார் 7 × 10⁻⁵ மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது பெரியது? அடுக்கைப் பாருங்கள்: −5 என்பது −6-ஐவிடப் பெரியது. எனவே முடிதான் பெரியது. வகுத்தால் 7 ÷ 2.5 = 2.8, அடுக்கு −5 − (−6) = 1, ஆக 28 மடங்கு.

இந்தியத் தர அளவின்படி 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் தூசு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். 60 மைக்ரோகிராம் என்பது 6 × 10⁻⁵ கிராம். கேட்க ஒன்றுமே இல்லாதது போலத் தெரிகிறது. எத்தனை துகள் என்று எண்ணிப் பார்ப்போம். எல்லாத் துகளும் 2.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை, அடர்த்தி தண்ணீர் அளவு என்று எடுத்துக்கொண்டால் ஒரு துகளின் நிறை சுமார் 8.2 × 10⁻¹² கிராம்.

6 × 10⁻⁵ ÷ 8.2 × 10⁻¹²: முன் எண்கள் 0.73, அடுக்கு −5 + 12 = 7. அதாவது 0.73 × 10⁷ = 7.3 × 10⁶. ஒரு கன மீட்டரில் 73 லட்சம் துகள்கள். ஒரு ஆள் நாளொன்றுக்கு உள்ளிழுக்கும் காற்று 10 கன மீட்டர் அளவில் இருக்கும். அப்படியானால் ஒரு நாளில் 7.3 × 10⁷, ஏழு கோடிக்கு மேல். அதுவும் தர அளவைத் தாண்டாத நாளில். உண்மையில் பல துகள்கள் இன்னும் சிறியவை, எண்ணிக்கை இதைவிடக் கூடும். சின்ன எண்ணை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கைத்தான் வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன்.

புள்ளியை இடப்பக்கம் நகர்த்தினால் பிளஸ்ஸா மைனஸா? எப்போதும் மாறிப் போகிறது.

இடம் வலம் என்று மனப்பாடம் செய்வதை விட்டுவிடுங்கள். பரீட்சை அவசரத்தில் அது கட்டாயம் மாறும். எண்ணைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது பத்துக்கு மேலா, ஒன்றுக்குக் கீழா? பத்தும் அதற்கு மேலும் என்றால் அடுக்கு பிளஸ். ஒன்றுக்குக் கீழ் என்றால் மைனஸ். நடுவில் இருந்தால் அடுக்கு பூஜ்ஜியம். குறி முடிவானபின் எத்தனை இடம் என்று எண்ணினால் போதும். 0.00047-இல் புள்ளி 4-க்கு அப்புறம் வர நாலு இடம் நகர வேண்டும். எண் ஒன்றுக்குக் கீழ். ஆக 4.7 × 10⁻⁴.

கூட்டும்போது அடுக்கையும் கூட்டலாமா?

கூடவே கூடாது. அதிகமாக மதிப்பெண் போகும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பாருங்கள்.

புழல் ஏரி 3.3 × 10⁹ கன அடி. கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன், அதாவது 5 × 10⁸ கன அடி. இரண்டும் நிரம்பினால் மொத்தம் எவ்வளவு? முன் எண்களையும் கூட்டி, அடுக்குகளையும் கூட்டி 8.3 × 10¹⁷ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த அளவு தண்ணீர் எவ்வளவு தெரியுமா? ஒரு கன அடி 2.83 × 10⁻² கன மீட்டர். பெருக்கினால் சுமார் 2.3 × 10¹⁶ கன மீட்டர் வருகிறது. வங்காள விரிகுடாவின் பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், சராசரி ஆழம் ஏறக்குறைய 2,600 மீட்டர். அதன் மொத்த நீரே 10¹⁵ மட்டத்தில்தான் நிற்கிறது. அதாவது அந்த விடைப்படி நம் இரண்டு ஏரியிலும் வங்கக் கடலைவிட அதிகத் தண்ணீர்!

சரியான வழி: முதலில் இரண்டையும் ஒரே அடுக்குக்குக் கொண்டுவர வேண்டும். 5 × 10⁸ = 0.5 × 10⁹. இப்போது 3.3 + 0.5 = 3.8. விடை 3.8 × 10⁹ கன அடி. அடுக்கு அப்படியே நிற்கும். கழித்தலுக்கும் இதேதான்.

பெருக்கல், வகுத்தல், வர்க்கம்?

பெருக்கினால் அடுக்கைக் கூட்டு, வகுத்தால் கழி. மேலே பல இடத்தில் செய்தாயிற்று. சூரியன் 1.5 × 10¹¹ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, ஒளியின் வேகம் 3 × 10⁸. வகுத்தால் 0.5 × 10³ = 5 × 10² வினாடி, எட்டு நிமிடம் இருபது வினாடி.

வர்க்கத்தில் ஒரு பொறி உண்டு. (3 × 10⁸)² என்றால் 3-க்கும் வர்க்கம், 10⁸-க்கும் வர்க்கம்: 9 × 10¹⁶. பாதிப் பேர் 3-ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கால்குலேட்டரில் 6.02-க்குப் பக்கத்தில் ஆங்கில ‘இ’ எழுத்தும் 23-ம் வருகிறது. பழுதா?

பழுதில்லை. அந்த எழுத்துக்கு ‘பெருக்கல் பத்தின் அடுக்கு’ என்று பொருள். 2.718 என்று தொடங்கும் மாறிலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தட்டும்போது கவனம் வேண்டும். ‘எக்ஸ்ப்’ பட்டனிலேயே பத்து அடங்கியிருக்கிறது. 3 தட்டி, எக்ஸ்ப் தட்டி, 8 தட்டினால் முடிந்தது. நடுவில் ‘பெருக்கல் 10’ என்றும் சேர்த்துத் தட்டினால் விடை 3 × 10⁹ ஆகிவிடும்.

எக்செல்லில் ஆதார் எண்ணைத் தட்டினால் ‘இ+11’ என்று மாறிவிடுகிறதே?

பன்னிரண்டு இலக்கம் வந்ததும் எக்செல் அதை ஒரு பெரிய அளவு என்று எடுத்துக்கொண்டு சுருக்கிக் காட்டுகிறது. கட்டத்தைத் தேர்ந்து ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணைத் தட்டுங்கள், அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள்.

ஆதாரில் காட்சி மட்டும்தான் மாறும், உள்ளே எண் பத்திரமாக இருக்கும். 16 இலக்க அட்டை எண்ணில் நிலைமை மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும். பிறகு டெக்ஸ்டாக மாற்றினாலும் திரும்ப வராது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பப் பட்டியல் தயாரிக்கும் தம்பி தங்கைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது மிகவும் அவசியம்.

அப்படியானால் எல்லா எண்ணையும் இப்படி எழுதக் கூடாதா?

கூடாது. அளந்து சொல்வதற்குத்தான் அறிவியல் குறியீடு. அடையாள எண்ணுக்கும், கடைசி இலக்கம் வரை வேண்டிய எண்ணுக்கும் அதில் சுருக்கக் கூடாது.

இதற்கு ராமானுஜனிடமிருந்தே உதாரணம் தருகிறேன். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். ராயபுரத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகமே இருக்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பது அவர் ஆராய்ந்த கேள்விகளில் ஒன்று. 4-ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 200-ஐ எத்தனை விதமாக? சுமார் 4 × 10¹², அதாவது நான்கு லட்சம் கோடி. அளவைப் புரிந்துகொள்ள இது போதும். ஆனால் சரியான விடை 39,72,99,90,29,388. ராமானுஜனும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டினாலே இந்த விடைக்கு 0.004 வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. அந்தச் சாதனை முழுக்கக் கடைசி இலக்கங்களில்தான் இருக்கிறது. 4 × 10¹² என்று எழுதிவிட்டால் அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

3.3 × 10⁹, 3.300 × 10⁹ இரண்டும் ஒன்றுதானே?

மதிப்பு ஒன்று. ஆனால் முதலாவது இரண்டு இலக்கம் வரை நிச்சயம் என்கிறது, இரண்டாவது நான்கு இலக்கம் வரை நிச்சயம் என்கிறது. வெறுமனே 3,300 என்று எழுதினால் அந்தப் பூஜ்ஜியங்கள் அளந்தவையா, இடம் நிரப்ப வந்தவையா என்று தெரியாது. முக்கிய எண்ணுருக்கள் பாடத்தில் அறிவியல் குறியீட்டை வற்புறுத்துவது இதனால்தான்.

கிலோ, மெகா, மில்லி, மைக்ரோ எல்லாம் இதே கதைதானா?

அதேதான். கிலோ 10³, மெகா 10⁶, கிகா 10⁹. கீழே மில்லி 10⁻³, மைக்ரோ 10⁻⁶, நானோ 10⁻⁹. ஆங்கிலத்தில் சிறிய எழுத்து ‘எம்’ மில்லி, பெரிய எழுத்து ‘எம்’ மெகா. மாற்றி எழுதினால் 10⁹ மடங்கு தப்பு.

அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின்நிலையத்தின் முதல் நிலையில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு. மொத்தம் 1,830 மெகாவாட், அதாவது 1.83 × 10⁹ வாட். 75 வாட் மின்விசிறி என்றால் 2.4 × 10⁷, இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான விசிறிகள்.

பதினொன்றாம் வகுப்புக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. ஒரு கிராம் பொருள் முழுவதும் ஆற்றலாக மாறினால் எவ்வளவு? நிறை 10⁻³ கிலோகிராம், ஒளிவேகத்தின் வர்க்கம் 9 × 10¹⁶. பெருக்கினால் 9 × 10¹³ ஜூல். அதை 1.83 × 10⁹-ஆல் வகுத்தால் 4.9 × 10⁴ வினாடி. அந்த இரண்டு நிலைகளும் முழுத் திறனில் பதிமூன்றரை மணி நேரம் ஓடித் தரும் மின்சாரம், ஒரே ஒரு கிராமில்.

நிலநடுக்கத்தை 7, 8, 9 என்று சொல்கிறார்கள். அதிலும் அடுக்கு இருக்கிறதா?

இருக்கிறது, மறைந்திருக்கிறது. அந்த எண்ணே ஒரு அடுக்கு மாதிரிதான். ஒன்று கூடினால் நில அதிர்வின் வீச்சு பத்து மடங்கு, வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. காசிமேடு வரை சுனாமியைக் கொண்டுவந்த 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் அளவு 9.1. அதை 7.1-உடன் ஒப்பிட்டால் ‘இரண்டுதானே கூட’ என்று தோன்றும். ஆற்றலில் அது ஆயிரம் மடங்கு.

நீட் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. இவ்வளவு பெரிய எண்களை எப்படிச் சமாளிப்பது?

முன் எண்களைத் தனியாக, அடுக்குகளைத் தனியாகப் போடுங்கள். அடுக்கை முதலில் முடியுங்கள். பல நேரம் நான்கு விடைகளில் இரண்டு அதிலேயே அடிபட்டுப் போகும்.

கையில் இருக்கும் செல்போனையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர் மணி. முழு சார்ஜும் தீர எத்தனை எலக்ட்ரான்கள் ஓட வேண்டும்? 5,000 மில்லி என்பது 5. ஒரு மணி 3.6 × 10³ வினாடி. பெருக்கினால் 18 × 10³ = 1.8 × 10⁴ கூலும். ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலும். அடுக்கு 4 + 19 = 23. முன் எண் 1.8 ÷ 1.6, ஒன்றுக்குச் சற்று மேல். விடை 1.1 × 10²³. பேப்பரே தேவைப்படவில்லை.

வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு கொடுங்கள்.

மணலி சுத்திகரிப்பு ஆலையின் திறன் ஆண்டுக்கு 10.5 மில்லியன் டன் கச்சா எண்ணெய். இதைக் கிலோகிராமில், ஒழுங்கான அறிவியல் குறியீட்டில் எழுதுங்கள். 10.5 × 10⁹ என்று வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முன் எண் பத்தைத் தாண்டி நிற்கிறது, பாருங்கள். 1.05 × 10¹⁰ என்று வந்தால் சரி.